மட்கார்டில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

டீ சொல்லியாகிவிட்டது. அது வருவதற்குள் கடை வாசலில் நிற்கும் வண்டிகளைக் கொஞ்சம் பார்ப்போம். ராயகிரியில் எந்த டீக்கடை முன்னாலும் நாலைந்து பைக்காவது நிற்கும். அதில் ஏதாவது ஒன்றின் மட்கார்டில், பட்டறையில் அடித்த பெயிண்ட் உரிந்திருக்கும். உரிந்த ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பிப் பாருங்கள். பொடியாக உதிராது, ஒரே துண்டாகக் கழன்று வரும். அடியில் பிளாஸ்டிக் ஒரு பொட்டுக் கறையில்லாமல் இருக்கும். அதே வண்டியின் இரும்பு டேங்கில், அதே ஆள், அதே நாளில் அடித்த பெயிண்ட் அசையாமல் நிற்கும்.

காரணம் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "சரியாத் தேய்க்காம அடிச்சிட்டான்." உப்புத்தாளைப் போட்டு நன்றாகச் சொரசொரப்பாக்கினால் எதிலும் பெயிண்ட் ஒட்டும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. இரும்புக்கும் மரத்துக்கும் அது பெரும்பாலும் சரி. இங்கே மட்டும் அது ஏன் பலிக்கவில்லை என்று பார்க்க, மட்கார்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்புவோம்.

பின்பக்கம் சேறு படியும் ஓரத்தில், அச்சிலேயே வார்த்த சின்ன எழுத்துகள் இருக்கும். பிபி என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். ஏபிஎஸ் என்று இருந்தால் அது வேறு சாதி பிளாஸ்டிக். எழுத்தே இல்லையென்றால் ஒரு சோதனை உண்டு. கண்ணுக்குத் தெரியாத மூலையில் பிளேடால் நகக்கண் அளவு சீவி, சோப்புத் துளி கலந்த தண்ணீர் டம்ளரில் போட்டு, காற்றுக் குமிழி போகும்படி அமுக்கி விடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பிபி, அல்லது அதன் பங்காளியான பாலிஎத்திலீன். மூழ்கினால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம். பிபியின் அடர்த்தி 0.9, ஏபிஎஸ்ஸுக்கு 1.05 பக்கம் வரும். தண்ணீர் நடுவில், 1-ல் நிற்கிறது.

இந்தப் பிபியை 1954-ல் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டா. இந்த வகை ஆராய்ச்சிக்காக 1963-ல் ஜெர்மனியின் கார்ல் சீக்ளருக்கும் அவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. கல்யாண வீட்டு நாற்காலி, பேட்டரிப் பெட்டி, கயிறு, காரின் பம்பர் என்று பிபி எங்கும் நுழைந்ததற்குக் காரணம், அது எதனோடும் சேராது. பெட்ரோல் பட்டாலும் ஆசிட் பட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். நாம் பெயிண்ட் அடிக்க உட்காரும்போது எதிர்த்து நிற்பதும் அந்த நல்ல குணமேதான்.

கொஞ்சம் உள்ளே போவோம். பிபியின் மூலக்கூறில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறெதுவும் இல்லை. மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்த இடம் எதுவும் அதில் கிடையாது. பெயிண்ட் பற்றிக்கொள்ளத் தேடுவது அந்த மாதிரி இடத்தைத்தான். ஏபிஎஸ்ஸில் நைட்ரஜன் இருக்கிறது, பிடி கிடைக்கிறது. தவிர தின்னர் பட்டதும் ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பு லேசாக இளகும். பெயிண்ட் அதற்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பிபி தின்னருக்கு அப்படி இளகிக் கொடுக்காது. ஒரு பரப்பு, தன்மேல் விழும் திரவத்தை எவ்வளவு இழுத்துப் பரப்பிக்கொள்ளும் என்பதைப் பரப்பு ஆற்றல் என்பார்கள். டைன் என்ற அலகில் பிபிக்கு அது 30 அளவில் நிற்கிறது. ஏபிஎஸ்ஸுக்கு 40-ஐ ஒட்டி.

இப்போது தேய்க்கும் விஷயத்துக்கு வரலாம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது தெரியும். அந்த இலை வழவழப்பானது, அதனால்தான் ஒட்டவில்லை என்று நினைக்கிறோம். உருப்பெருக்கியில் பார்த்தால் இலை முழுக்கக் குட்டிக் குட்டி மேடுகள், அதன்மேல் மெழுகு. அவ்வளவு சொரசொரப்பு இருந்தும் மெழுகு தண்ணீரை ஏற்காததால் துளி உருண்டு ஓடுகிறது. ஆகவே மேடுபள்ளம் தானாக எதையும் ஒட்டவைப்பதில்லை. பரப்பு சம்மதித்தால்தான் மேடுபள்ளம் உதவும். தேய்ப்பது பிடியைக் கூட்டும். இல்லாத பிடியை உண்டாக்காது.

நம் பக்கத்துச் சிவகாசியில் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. பிபி படலத்தில் மை ஏற்றுவதற்கு முன், உயர் மின்னழுத்தப் பொறிக்கு அடியில் அந்தப் படலத்தை ஓட்டி எடுத்திருப்பார்கள். கொரோனா முறை என்று பெயர். மின்பொறியால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்; பிடி கிடைத்துவிடும். மை நிற்க 38 டைனாவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பம்பர் செய்யும் தொழிற்சாலையில் நீலச் சுடரை நொடி நேரம் பரப்பின்மேல் ஓட்டி இதே வேலையைச் செய்வார்கள். வீட்டில் சிகரெட் லைட்டரை வைத்து முயல வேண்டாம். கரி படியும், மட்கார்டு கோணும்.

பட்டறையில் மின்பொறியும் கிடையாது, சுடரும் கிடையாது. அங்கே கை கொடுப்பது பிளாஸ்டிக் பிரைமர். இதில் முக்கியமான சரக்கு, பிபி போன்ற மூலக்கூறிலேயே குளோரினைச் சேர்த்துச் செய்த ஒரு பிசின். அதிலுள்ள கரைப்பான் பிபியின் மேல்தோலைச் சற்றே ஊதச் செய்யும். பிசின் அந்த இடைவெளியில் பின்னிக்கொள்ளும். குளோரின் உள்ள பகுதி மேலே வரும் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். இரும்புக்கு அடிக்கும் சாம்பல் பிரைமர் இந்த வேலையைச் செய்யாது. பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் போதும். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று கனமாக அடித்தால் அந்த அடுக்கே பலவீனமாகிப் பிளந்து போகும்.

வேலை வரிசையையும் பார்த்துவிடுவோம். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் தேய்க்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் பளபளப்புக்காக அடிக்கும் பாலீஷில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். கழுவாமல் தேய்த்தால் அந்த எண்ணெய் கீறலுக்குள் இறங்கிவிடும். பிறகு பெயிண்ட் அங்கங்கே விலகி, நடுவில் குழி விழுந்த வட்டங்களாகக் காட்டும். தேய்ப்பதற்கு 400, பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பர் போதும், தண்ணீர் தொட்டுத் தொட்டு. முரட்டுத் தாளால் தேய்த்தால் பிபி பிசிறு கிளம்பும். எத்தனை கோட் அடித்தாலும் அந்தப் பிசிறு மேலே தலைகாட்டும்.

பிரைமருக்குப் பிறகு, ஒரு சாண் தூரத்தில் ஸ்பிரே கன்னைப் பிடித்து, கலரை மெல்லிய மூன்று கோட்டாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடமாவது விட்டு அடிக்கலாம். சித்திரை நண்பகலில் அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து மணல் போல விழும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று ஊரிலுள்ள தூசியையெல்லாம் ஈரப் பெயிண்டில் கொண்டுவந்து சேர்க்கும். பனி காய்ந்த காலை நேரமும் அடைப்பான இடமும்தான் தோது. மட்கார்டு வளைந்து கொடுக்கும் பொருள் என்பதால், கிளியர் கோட்டில் இளக்கம் தரும் கலவையைச் சேர்ப்பதும் நல்லது. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவையே வரவழைக்கக் கூடியது. முகத்தில் கட்டும் துண்டு அதை வடிகட்டாது. அதற்கான சரியான முகமூடி இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமா? மணலிலும் மலைப்பாதையிலும் ஓட்டும் நாலு சக்கர ஏடிவி வண்டிகளின் அகலமான மட்கார்டுகளுக்குத் தொழிற்சாலையில் பெரும்பாலும் பெயிண்டே அடிப்பதில்லை. உருகிய பிளாஸ்டிக்கிலேயே நிறத்தைக் கலந்து வார்த்துவிடுவார்கள். முள் கீறினாலும் உள்ளேயும் அதே நிறம். வளைந்த இடத்தில் வெள்ளை வரி விழுந்தால், ஹீட் கன்னின் சூட்டைக் கொஞ்சம் காட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். நம் பைக்கில் பெயிண்ட் இல்லாமல் கறுப்பாகவே வந்த பாகத்துக்கும் இதே யோசனை பொருந்தும். அதை அப்படியே விட்டுவிடுவது காசுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், முழு மட்கார்டிலும் இறங்குவதற்கு முன் பின்பக்கத்தில் ஒரு உள்ளங்கை இடத்தில் அடித்து, ஒரு வாரம் காய விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கட்டம் வராவிட்டால் மேலே போகலாம். பட்டறையில் கொடுப்பதென்றால் விலை பேசுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "அண்ணாச்சி, இது பிபி. என்ன பிரைமர் போடப் போறீங்க?" பதிலில் பிரைமர் வராமல் உப்புத்தாள் மட்டும் வந்தால், அடுத்த பட்டறையிலும் விசாரித்துப் பாருங்கள்.