மவுண்ட் ரோட்டில் மறைந்த கடைகள்! தீ தின்றது பாதி... பூட்டு தின்றது மீதி!

அண்ணா சாலை என்று பெயர் மாறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் பஸ்சில் ஏறி, "மவுண்ட்ரோடு ஒண்ணு குடுப்பா" என்று கேட்கிற பெரியவர்கள் சென்னையில் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கடை எங்கே இருந்தது, எங்கே ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும், எந்த ஓட்டலில் 'பார்' இருந்தது என்று விரல் விட்டு எண்ணுவார்கள். கடைசியில் ஒரு பெருமூச்சு... "எல்லாம் போச்சு!"

எப்படிப் போச்சு?

வயசாகி தானாக விழுந்த கட்டிடம் இந்த ரோட்டில் அதிகம் இல்லை. சிலதை தீ தின்றது. சிலதை கடப்பாரை தின்றது. சிலதை பூட்டிப் போட்டே சாகடித்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துரைமார் கடை வீதி

கோட்டையில் இருந்து பரங்கிமலைக்குப் போகிற ரோடு இது. 'மவுண்ட்' என்றால் அந்த மலைதான். கூவம் பக்கம் தொடங்கி கிண்டி கத்திப்பாரா வரை சுமார் 15 கிலோ மீட்டர் நீளம்.

கடை கண்ணி என்றால் எல்லாம் ரவுண்டாணாவைச் சுற்றித்தான். வாலாஜா ரோடு வந்து சேருகிற இடம் அது. இப்போது அங்கே விரல் நீட்டி நிற்கிறார் அண்ணா. 1968-ம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது, அவர் உயிரோடு இருக்கும்போதே திறந்த சிலை அது. மறு ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி அவர் மறைந்தார். பிறகு ரோட்டுக்கே அவர் பெயர் வந்தது.

அதற்கு நூறு வருஷம் முன்னால் இது துரைமார்கள் கடை வீதி.

குதிரை வண்டி செய்வதற்காக 1840-ல் தொடங்கிய கம்பெனி சிம்ப்சன். 1903-ல் குதிரையைக் கழற்றி விட்டு நீராவிக் காரே செய்து ஓட்டிக் காட்டினார்கள். பியானோ வேண்டுமா? 1842-ல் 'மிஸ்குவித்' என்ற பெயரில் தொடங்கிய கடைதான் பின்னால் 'மியூசி மியூசிக்கல்' ஆனது. புத்தகம் வேண்டுமா? 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ். கடிகாரம், வெள்ளிச் சாமான் வேண்டுமா? பி.ஆர் அண்டு சன்ஸ்.

எல்லாவற்றுக்கும் ராஜா ஸ்பென்சர்! 1860-களில் தொடங்கிய கடை. 1890-களில் சிவப்புக் கல் கோபுரங்களோடு பெரிய கட்டிடம் எழுந்தது. சீமைச் சரக்கு எது வேண்டுமானாலும் கிடைக்கும். நம்ம திண்டுக்கல் சுருட்டையே பெட்டியில் அடுக்கி சீமைக்கு அனுப்பிய கம்பெனியும் இதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சாதாரண ஜனங்களுக்கு அந்தக் கடைகள் கண்ணாடி ஜன்னலோடு சரி. வெளியே நின்று பார்க்கலாம். வாங்குவதற்கு மடியில் கனம் வேண்டும்.

விமானம் விட்ட ஓட்டல்காரர்

அந்தக் காலத்து மவுண்ட் ரோட்டில் பேர் போன ஓட்டல் டி ஏஞ்சலிஸ். கேக், மிட்டாய் செய்வதில் கெட்டிக்காரரான ஒரு ஐரோப்பியர் நடத்தியது. பெரிய விருந்து என்றால் அவருக்குத்தான் ஆர்டர் போகும்.

அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. 1910-ல் தானே வரைபடம் போட்டு, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்து ஒரு விமானம் செய்து வாங்கினார். பல்லாவரத்தில் பறக்கவும் விட்டார். இந்தியாவிலேயே முதல் விமானம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. கேக் கடைக்காரர் விமானம் விட்ட ஊர் சென்னை!

பின்னால் அந்த ஓட்டல் 'பொசோட்டோ' என்ற இத்தாலியக்காரர் கைக்கு வந்தது. இன்றைக்கு அந்த இரண்டு பெயரையும் சொன்னால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

அதே காலத்தில் தொடங்கியதுதான் ரோட்டை ஒட்டி பின்னி ரோட்டில் இருக்கும் கன்னிமரா ஓட்டல். கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர். அது இன்னும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

பெர்மிட் இருந்தால்தான் பிராந்தி!

"பார் எங்கே போச்சு?" என்று கேட்டால் அது தனிக் கதை. அதைத் தின்றது தீ அல்ல. சட்டம்.

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் வந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை, ஓட்டல் 'பார்' எல்லாவற்றுக்கும் பூட்டு.

வெளிநாட்டுக்காரர்களுக்கு பெர்மிட் உண்டு. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கினால் உள்ளூர்க்காரர்களுக்கும் உண்டு. "குடிச்சா உடம்பு கெட்டுடும்" என்று ஊரெல்லாம் பிரசாரம். "குடிக்கலேன்னா உடம்பு கெட்டுடும்" என்று கையில் சர்டிபிகேட்! பணக்காரர்கள் பெர்மிட்டைக் காட்டினார்கள். ஏழைகள் கள்ளச்சாராயத்தையும் வார்னிஷையும் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

1971-ல் மதுக்கடைகள் திறந்தன. சில வருஷத்தில் மறுபடி மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது. 1987-ல் கள், சாராயம் மட்டும் நிறுத்தப்பட்டது. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது.

ஒரு கடை ஒரே இடத்தில் 50 வருஷம் நடந்தால்தான் அதற்கு ஒரு ஞாபகம் ஒட்டும். மூடித் திறந்து, திறந்து மூடிய இடத்தில் என்ன ஒட்டும்? லண்டனிலும் கல்கத்தாவிலும் நூறு வருஷத்து மது விடுதியைக் காட்டுகிறார்கள். மவுண்ட் ரோட்டில் அப்படி ஒன்றைக் காட்டுவது கஷ்டம்.

டிக்கெட் ஒன்று... ஏ.சி. இலவசம்!

ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவாக இந்த ரோட்டில் இருந்தது சினிமாக் கொட்டகைதான்.

1913-ல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டிடம் தபால் இலாகாவிடம் போய் அப்படியே பிழைத்துக்கொண்டது. ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இடிபட்டது. எல்பின்ஸ்டன் தியேட்டரில் படத்தைவிட ஐஸ்கிரீமுக்காகப் போனவர்கள் அதிகம். அந்த தியேட்டரும் இடிபட்டு அங்கே அடுக்குக் கட்டிடம் வந்துவிட்டது.

1964-ல் திறந்த சபையரில் மூன்று தியேட்டர்கள். அதில் 'புளூ டயமண்ட்' தியேட்டரில் படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கெட் வாங்கி எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். சித்திரை வெயிலில் ஏ.சி.க்காகவே உள்ளே போய் தூங்கிய புண்ணியவான்கள் எத்தனையோ பேர்! சபையர் 1990-களில் மூடியது. சிவாஜி கணேசனின் சாந்தி 1961-ல் திறந்தது. 2016-ல் மூடியது.

தீ... தீ...

1959-ல் எல்.ஐ.சி. கட்டிடம் திறந்தபோது இந்தியாவிலேயே அதுதான் உயரம். ஊரில் இருந்து வந்தவர்கள் ரோட்டில் நின்று அண்ணாந்து மாடியை எண்ணினார்கள். சினிமாவில் கிராமத்து ஆள் சென்னைக்கு வந்தால் உடனே இந்தக் கட்டிடத்தைக் காட்டுவார்கள்.

1975-ம் ஆண்டு ஜூலை மாதம் அதில் தீப்பிடித்தது. அந்த உயரத்துக்கு தண்ணீர் அடிக்க முடியாமல் தீயணைப்புப் படையினர் திணறினார்கள். ஊரே கூடி நின்று பார்த்தது. ஆனால் கட்டிடம் தப்பியது. பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள். இப்போது மெட்ரோ ரெயில் ஸ்டேஷனுக்கே அதன் பெயர்தான்.

ஸ்பென்சருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் பிடித்த தீயில் பழைய கட்டிடம் நாசமானது. அந்த இடத்தில்தான் இன்றைய ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. பெயர் பிழைத்தது. கோபுரம் பிழைக்கவில்லை.

பூட்டுப் போட்ட கட்டிடம்

தீயைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. கவனிப்பாரற்று விடுவது!

1897-ல் டபிள்யூ.ஈ.ஸ்மித் என்ற மருந்துக்கடைக்காரர் கட்டிய 'கார்டைல்' கட்டிடம். கூர்கோபுரமும் வளைவுமாக அரண்மனை மாதிரி இருக்கும். பிறகு பாரத் இன்சூரன்ஸ் கைக்கு வந்தது. 1956-ல் இன்சூரன்ஸ் நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி.க்கு வந்தது.

2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பழைய கட்டிடங்களைக் காக்கப் போராடுகிறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் சென்னை ஐகோர்ட்டு, இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

இடிப்பது நின்றது. சரி. பழுது பார்த்தார்களா? தீர்ப்புக்குப் பிறகும் வருஷக்கணக்கில் செடி முளைத்து, கூரை சரிந்து பாழாகத்தான் கிடந்தது. கோர்ட்டு கடப்பாரையைத் தடுத்தது. மழையையும் ஆலஞ்செடி வேரையும் தடுக்க கோர்ட்டால் முடியுமா?

தப்பித்தது எது?

இப்போது கன்னிமரா விஷயத்துக்கு வருவோம்.

ஹிக்கின்பாதம்ஸ் இன்றும் நிற்கிறது. புத்தகம் விற்கிறது. மியூசி மியூசிக்கல் நிற்கிறது. கிட்டார் விற்கிறது. 1951-ல் தொடங்கிய புகாரி ஓட்டல் நிற்கிறது. பிரியாணி போடுகிறது. 'சிக்கன் 65' எங்கள் சரக்கு என்று பெருமையும் பேசுகிறது. கன்னிமராவில் ரூம் கொடுக்கிறார்கள்.

கவனித்தீர்களா? தினமும் கதவு திறக்கிற கட்டிடம் நிற்கிறது. கூரை ஒழுகினால் முதலாளி ஓடி வந்து பார்க்கிறார். வியாபாரம் நடக்கிற வரை கட்டிடத்துக்கு உயிர் உண்டு. பூட்டிய கட்டிடம் பிணம்!

எனவே 'இடிக்காதே' என்று பட்டியல் போட்டால் மட்டும் போதாது. பழுது பார்க்கக் கெடு வைக்க வேண்டும். உள்ளே கடையோ, நூலகமோ, ஓட்டலோ எதையாவது நடத்த வேண்டும். மறைந்துபோன கடைகள் இருந்த இடத்தில் பெயரும் வருஷமும் எழுதி ஒரு சின்ன போர்டாவது கார்ப்பரேஷன் வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். "தாத்தா, மவுண்ட்ரோட்டுல நீங்க எந்தக் கடைக்குப் போவீங்க?" சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் கிடைக்காது.

தீப்பிடித்தால் மணி அடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வரும். பூட்டைத் திறக்க எந்த வண்டி வரும்?