மாடியில் மிதித்தால் கீழே ஏன் கேட்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் தொடங்கிவிட்டால், அதிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் பலர் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள். தேனியில் ஒரு மாடி வீடு. சர்க்கரை நோய்க்காகத் தினமும் நடக்க வேண்டிய ஓர் அம்மா, மழை நாளில் உடற்பயிற்சி சைக்கிளை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணி ஐந்து. நள்ளிரவு வரை படித்துவிட்டுக் கீழ் வீட்டில் உறங்கும் பத்தாம் வகுப்பு மாணவி திடுக்கிட்டு விழிக்கிறாள். ஒருவருக்கு உடல்நலம் வேண்டும். மற்றவருக்கு உறக்கம் வேண்டும். இரண்டையும் காப்பாற்ற இயற்பியல் உதவுமா?

ஒரு சோதனை

இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் கையில் பிடியுங்கள். ஒலி மெல்லியதாகக் கேட்கும். மீண்டும் தட்டி, அதன் காம்பை மேசைமீது ஊன்றுங்கள். ஒலி ஓங்கி எழும்! கவையின் மெல்லிய புயங்கள் சிறிதளவு காற்றையே அசைக்கின்றன. மேசைப் பலகையோ பரப்பில் பெரிது. இங்கே சைக்கிள்தான் இசைக்கவை, கான்கிரீட் தளம்தான் மேசை. நமக்குத் தளமாக இருப்பது கீழ் வீட்டாருக்குக் கூரை. ஆகவே ஜன்னலை மூடுவதாலோ, சுவரில் தெர்மோகோல் ஒட்டுவதாலோ பெரிய பயன் இல்லை. அதிர்வு தளத்துக்குள் இறங்கும் வழியையே அடைக்க வேண்டும்.

பிறக்கும் இடத்திலேயே

முதலில் தளர்ந்த திருகுகளை இறுக்கி, உலர்ந்த சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். சக்கரத்தைக் கட்டை உரசித் தடுக்கும் வகையில் உராய்வொலி எழும். காந்தத் தடை உள்ள வகையில் காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. சுழலும் உலோகத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டங்களே இயக்கத்தை எதிர்க்கின்றன. அதனால் அது அமைதியாகச் சுற்றும்.

டயர் வண்டி சொல்லும் பாடம்

இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டி கடகடவென்று போகும். டயர் வண்டி அவ்வளவு சத்தம் போடாது. டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் அதைத் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குத்தான் செய்து பார்த்தார். அதே ரப்பர் இங்கும் உதவும். கனமான பலகையின் நான்கு மூலைகளிலும் சிறு ரப்பர் துண்டுகளை வைத்து, அதன்மேல் சைக்கிளை ஆடாமல் நிறுத்துங்கள்.

தரை முழுவதும் ரப்பர் விரிப்புப் போட்டால் என்ன? எடை பரவிவிடுவதால் அது அதிகம் அமுங்காது. அமுங்காத ரப்பர் நல்ல வில்லாக வேலை செய்யாது. எடையால் துண்டுகள் கால் சென்டிமீட்டர் அமுங்கினால், அமைப்பின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ். அதைப்போல் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வுகள் குறையத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் நன்றாகவே அடங்கும்.

நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், இரு கால்களும் சேர்ந்து வினாடிக்கு 2 முறை அழுத்தும். இந்த 2 ஹெர்ட்ஸ் அதிர்வை ரப்பர் தடுக்காது. ஆனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நம் காது கேட்காது!

ஒலி 10 டெசிபல் குறைந்தால் அதன் செறிவு பத்தில் ஒன்றாகும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. அந்த இரவு காலை 6 மணி வரை நீள்கிறது. ஐந்து மணி இன்னும் இரவுக் கணக்குதான்!

ரப்பரை வைத்தபின் ஒருவர் மேலே மிதிக்கட்டும். நீங்கள் கீழ் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். சோதனையின் முடிவைச் சொல்ல வேண்டியது அந்த வீட்டாரின் காதுகள்தாம்.