எண்ணிமப் பியானோ

எண்ணிமப் பியானோ (டிஜிட்டல் பியானோ) என்பது கம்பிகளும் அவற்றைத் தட்டும் சுத்தியல்களும் கொண்ட மரபுவழிப் பியானோவின் ஒலியையும் தொடு உணர்வையும் மின்னணு முறையில் ஒத்துருவாக்கும் இசைக்கருவி ஆகும். இக்கட்டுரையில் மரபுவழிப் பியானோ "கம்பிப் பியானோ" என்றும், விரலால் அழுத்தப்படும் விசைகள் ஆர்மோனிய வழக்கையொட்டிக் "கட்டைகள்" என்றும் குறிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் பியானோ கற்கும் மாணவர்கள் பலரது வீட்டில் இருப்பது கம்பிப் பியானோ அன்று. எண்ணிமப் பியானோவோ அதனினும் எளிய கீபோர்டோ ஆகும். இவ்விரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் விரல்களுக்குத் தரும் பயிற்சி வேறுபட்டது. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பதும், அதனை வீட்டில் முறையாக அமைப்பதும் கற்றலின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

கீபோர்டுக்கும் எண்ணிமப் பியானோவுக்கும் உள்ள வேறுபாடு

முழு அளவுப் பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக மொத்தம் 88 கட்டைகள் உள்ளன. இடப்பக்கக் கடைசிக் கட்டையின் அதிர்வெண் 27.5 ஹெர்ட்சு, வலப்பக்கக் கடைசிக் கட்டையின் அதிர்வெண் ஏறத்தாழ 4186 ஹெர்ட்சு. பரவலாக விற்கப்படும் கீபோர்டுகளில் 61 கட்டைகளே உள்ளன. அவை சுருள்வில்லால் மேலெழும் இலேசான கட்டைகள்.

எண்ணிமப் பியானோவின் கட்டைகளுக்கு அடியில் எடையுள்ள சிறு சுத்தியல்கள் பொருத்தப்பட்டிருக்கும். இவை எந்தக் கம்பியையும் தட்டுவதில்லை. விரலுக்கு உரிய எடையைத் தருவதே இவற்றின் பணி. கம்பிப் பியானோவில் தாழ்ந்த சுரங்களின் கட்டைகள் கனமாகவும் உயர்ந்த சுரங்களின் கட்டைகள் இலேசாகவும் இருக்கும். நல்ல எண்ணிமப் பியானோக்களிலும் இந்தப் படிநிலை பின்பற்றப்படுகின்றது.

இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளில் பியானோவுக்கும் மின்னணுக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டங்கள் உள்ளன. இலேசான கட்டைகளில் மட்டும் பழகிய மாணவர் பியானோவின் முன் அமரும்போது, மெல்லிய ஒலிகள் எழாமல் விடுபடுவதையும் விரல்கள் விரைவில் களைப்படைவதையும் காணலாம். எத்தேர்வுக்கு ஆயத்தமாகிறோம், அதற்கு எத்தகைய கருவி ஏற்கப்படும் என்பதைக் கருவி வாங்குமுன் தேர்வு விதிகளில் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

வரலாறு

பியானோவை இத்தாலியின் புளோரன்சு நகரில் 1700ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி ஆவார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு வலுவாக அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. விரலின் வலுவுக்கு ஏற்ப மெலிதாகவும் உரத்தும் ஒலிக்கச் செய்ததே கிறிஸ்டோஃபோரியின் சிறப்பு. எண்ணிமப் பியானோவின் பொறியியல் முழுவதும் இந்த ஒரு பண்பை மின்னணு முறையில் மீட்டுத்தரும் முயற்சி எனலாம்.

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்கான மிடி என்னும் பொது நெறிமுறை 1983இல் அறிமுகமானது. அதே ஆண்டில் யமஹா நிறுவனத்தின் கிளாவினோவா வரிசை எண்ணிமப் பியானோக்கள் வெளிவந்தன.

சென்னையில் மேலைநாட்டு இசைக்கருவிகளின் விற்பனைக்கு நீண்ட வரலாறு உண்டு. அண்ணா சாலையிலுள்ள மியூசி மியூசிக்கல் நிறுவனம் 1842இல் தொடங்கப்பட்டது. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 2008இல் சென்னையில் கே. எம். இசைக் கல்லூரியை நிறுவினார். சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்காவின் "தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்" தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து, பத்து இலட்சம் டாலர் பரிசு வென்றார்.

இயங்கும் முறை

ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு அல்லது மூன்று உணரிகள் உள்ளன. கட்டை கீழிறங்கும்போது முதல் உணரியும் அடுத்த உணரியும் வெவ்வேறு கணங்களில் தூண்டப்படுகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட நேரம் குறைவாயின் கட்டை விரைவாக அழுத்தப்பட்டது என்று கருவி கணிக்கின்றது. மிடி நெறிமுறையில் இவ்விரைவு 1 முதல் 127 வரையிலான எண்ணாகக் குறிக்கப்படுகின்றது. கருவி அளப்பது அழுத்தத்தை அன்று, விரைவையே ஆகும். கட்டை அடிவரை சென்ற பின்னர் அதனை மேலும் அழுத்துவதால் ஒலியில் மாற்றம் நிகழாது. விரலுக்கு வலி மட்டுமே மிஞ்சும்.

பெரும்பாலான கருவிகளில், கம்பிப் பியானோவின் ஒவ்வொரு சுரமும் பல்வேறு வலுவில் வாசிக்கப்பட்டு முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்டிருக்கும். கணிக்கப்பட்ட விரைவுக்குப் பொருந்தும் பதிவு ஒலிக்கப்படுகின்றது. சில கருவிகள் பதிவுகளைப் பயன்படுத்தாமல், கம்பி அதிரும் விதத்தைக் கணித்து ஒலியை உருவாக்குகின்றன.

ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்க இயலும் என்பது பாலிஃபோனி எனப்படும். இது 64, 128, 192, 256 என்றவாறு குறிக்கப்படும். பத்து விரல்களுக்கு 64 எதற்கு என்று தோன்றலாம். மிதியை (பெடல்) அழுத்தியிருக்கும்போது முன்பு வாசித்த சுரங்களும் தொடர்ந்து ஒலிக்கும்; ஒரு சுரத்திற்கு இடவலப் பதிவுகள் இரண்டு பயன்படுவதும் உண்டு. எல்லை மீறும்போது முந்தைய சுரங்கள் திடீரென அறுபடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் எண்ணிமப் பியானோ

கம்பிப் பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் உள்ளன. அவற்றின் மொத்த இழுவிசை பல டன்கள் ஆகும். இவ்விழுவிசையைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டமும், ஒலியைப் பெருக்க மெல்லிய மரப்பலகையும் உள்ளன. காற்றின் ஈரப்பதம் மாறும்போது மரம் விரிந்து சுருங்குவதால் சுருதி கலைகின்றது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால், திருவண்ணாமலை நகரை ஒட்டிய ஊராகும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவில், கடலிலிருந்து விலகி அமைந்த இப்பகுதியில் ஏப்பிரல், மே மாதங்களில் கடும் வெப்பமும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் மாறிமாறி வருகின்றன. இத்தகைய ஊரில் கம்பிப் பியானோ வைத்திருப்போர் ஆண்டுக்கு ஓரிரு முறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கான வல்லுநரை வெளியூரிலிருந்து வரவழைக்கவும் நேரலாம்.

எண்ணிமப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கத் தேவையில்லை. எடுத்துச் செல்லத்தக்க வகைகள் பொதுவாக 11 முதல் 15 கிலோகிராம் எடையுள்ளவை என்பதால் மாடி வீடுகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் ஏற்றவை. ஹெட்போன் மூலம் பிறருக்கு இடையூறின்றி இரவிலும் பயிலலாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நாள்தோறும் பயிற்சி நடைபெறுவதற்கு இதுவே பெருந்துணை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• 88 கட்டைகளும் சுத்தியல் எடை அமைப்பும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். "தொடு உணர்வு உண்டு" என்னும் குறிப்பு மட்டும் போதாது. அது விரைவை உணரும் தன்மையை மட்டும் குறிக்கலாம்.
• ஒரே கட்டையை மிக மெதுவாகவும் பின்பு வலுவாகவும் அழுத்தி, ஒலியளவோடு ஒலியின் தன்மையும் மாறுகின்றதா எனக் கேட்க வேண்டும்.
• ஒரே கட்டையை விரைந்து பலமுறை தட்டி, ஒவ்வொரு தட்டலும் ஒலிக்கின்றதா எனச் சோதிக்க வேண்டும்.
• மிதி, தாங்கி, இருக்கை ஆகியவை விலையில் அடங்குமா எனக் கேட்டறிய வேண்டும். கருவியுடன் வரும் சிறு சதுர மிதி தரையில் நழுவக்கூடும். பியானோ மிதியின் வடிவமுடையது தொடர்பயிற்சிக்கு ஏற்றது.
• நூற்றுக்கணக்கான பிற ஒலிகளும் தாளங்களும் இருப்பது பியானோ கற்பவருக்கு இன்றியமையாததன்று.

வீட்டில் அமைத்தல்

இடம்: சன்னலோர வெயிலும் மழைச்சாரலும் படாத, உட்சுவரை ஒட்டிய இடம் ஏற்றது. குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேரடியாகப் படும் இடத்தையும் சமையலறைப் புகை எட்டும் இடத்தையும் தவிர்க்க வேண்டும்.

உயரம்: ஆர்மோனியத்தைப் போலத் தரையிலோ கட்டிலிலோ வைத்து வாசிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இதனால் மணிக்கட்டு மடங்குவதுடன் மிதியையும் பயன்படுத்த இயலாது. வெள்ளைக் கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 72 முதல் 75 செ.மீ. உயரத்தில் அமைதல் வழக்கம். முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்குமாறு இருக்கையைச் சரிசெய்ய வேண்டும். கால் எட்டாத சிறுவர்களுக்குப் பாதத்தின் கீழ் முக்காலி வைக்கலாம். பெருக்கல் குறி வடிவில் மடங்கும் தாங்கி கனமான கருவியுடன் அசையக்கூடும். நான்கு கால் தாங்கியே உறுதியானது.

மின்சாரம்: இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்சு மின்சாரம் வழங்கப்படுகின்றது. எடுத்துச் செல்லத்தக்க கருவிகள் பெரும்பாலும் இதனைத் தாழ்ந்த நேர்மின்னழுத்தமாக மாற்றும் அடாப்டருடன் வருகின்றன. அதற்கு மாற்றாக வேறொன்றை வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், முனைகளின் நேர் எதிர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் இணைப்புப் பலகையைப் பயன்படுத்துதல் நன்று. இடி மின்னலின்போது நிலைமாற்றியை அணைத்தால் மட்டும் போதாது; செருகியையும் கழற்றிவிட வேண்டும்.

மிதி: கருவியை இயக்குமுன் மிதியை இணைக்க வேண்டும்; இயக்கும்போது அதன் மீது கால் இருத்தலாகாது. பல கருவிகள் தொடக்கத்திலுள்ள நிலையையே "அழுத்தாத நிலை" எனக் கொள்கின்றன. மிதி தலைகீழாக இயங்கினால், அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.

ஹெட்போன்: கம்பியில்லாப் புளூடூத் ஹெட்போன்களில் கட்டையை அழுத்தியபின் ஒலி சற்றுத் தாமதித்தே கேட்கும். இது தாளத்தைக் குலைக்கும் என்பதால் கம்பி உள்ளவற்றையே பயன்படுத்த வேண்டும். செவிக்குப் பாதுகாப்பான அளவாக உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதைக் குறிப்பிடுகின்றது. ஒலி கூடக்கூட இந்நேரம் விரைந்து குறையும்.

வாசிக்கத் தொடங்குதல்

கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக மாறிமாறி அமைந்துள்ளன. இரட்டைக் கறுப்புக் கட்டைகளின் இடப்பக்கத்தை ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை "சி" ஆகும். கருவியின் நடுவிலுள்ள "சி", இடப்புறத்திலிருந்து 40ஆவது கட்டை. விரல்கள் பெருவிரல் 1 தொடங்கிச் சுண்டுவிரல் 5 வரை எண்ணிடப்படுகின்றன. நடு "சி" தொடங்கி எட்டு வெள்ளைக் கட்டைகளை வலக்கையால் ஏறுவரிசையில் வாசிக்க 1-2-3-1-2-3-4-5 என்னும் விரல் வரிசை பயன்படும். மூன்றாம் விரலுக்குப் பின் பெருவிரல் உள்ளங்கைக்குக் கீழாகக் கடந்து நான்காம் சுரத்தை அடைகின்றது.

தொடக்கத்தில் ஒலியளவை மிகவும் குறைத்து வைப்பது பரவலான பழக்கம். ஒலி கேட்காமையால் மாணவர் கட்டைகளை ஓங்கித் தட்டப் பழகுவர். பின்னர் மெலிதாக வாசிக்க இயலாது போகும். அறையில் கம்பிப் பியானோ ஒலிப்பது போன்ற நடுத்தர அளவில் வைத்து, அதனை அடிக்கடி மாற்றாமல் விரலால் மட்டுமே மென்மையையும் வலுவையும் வேறுபடுத்திப் பழக வேண்டும். கருவியிலுள்ள மெட்ரோனோம் தாளத்தையும், பதிவு வசதி பிழைகளையும் அறிய உதவும்.

கருநாடக இசையும் எண்ணிமப் பியானோவும்

பாடகர்கள் தம் சுருதியை "ஒரு கட்டை", "ஐந்தரைக் கட்டை" எனக் குறிப்பது ஆர்மோனியக் கட்டைகளின் வழிவந்த வழக்காகும். ஒரு கட்டை என்பது "சி", இரண்டு "டி", மூன்று "இ", நான்கு "எஃப்", ஐந்து "ஜி", ஐந்தரை என்பது "ஜி"க்கு அடுத்த கறுப்புக் கட்டை.

"சி"யை ஆதார சட்ஜமாகக் கொண்டால் வெள்ளைக் கட்டைகள் மட்டுமே சங்கராபரணத்தின் சுரங்களைத் தரும். இவற்றில் ரிஷபத்தையும் தைவதத்தையும் அவற்றின் இடப்பக்கக் கறுப்புக் கட்டைகளாக மாற்றினால், தொடக்க மாணவர் பயிலும் மாயாமாளவகௌளை கிடைக்கும். ஐந்தரைக் கட்டையில் பாடுபவருக்கும் இதே விரலமைப்பில் வாசிக்கலாம். சுருதி மாற்றும் வசதியை நான்கு அரைச்சுரம் தாழ்த்தி வைத்தால் போதும். ஆர்மோனியம் பழகியோர் எளிதில் பற்றிக்கொள்ளும் வசதி இது. மேலைநாட்டுத் தேர்வுக்குப் பயில்வோர், பயிற்சிக்குமுன் இவ்வமைப்பு சுழியத்தில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கு இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவது, பியானோவில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது; ஒவ்வோர் இடைவெளியும் 100 சென்ட்டுகள். இதன்படி அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் அமைகின்றது. தம்புராவுடன் இயல்பாக இணையும் காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்ட்டில் உள்ளது. பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்டுகள் மட்டுமே. இரண்டாவது, கட்டைகளால் கமகத்தின் தொடர்ச்சியான அசைவைத் தர இயலாது. இக்காரணங்களையொட்டி எழுந்த எதிர்ப்பினால் 1940இல் அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. அத்தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆயினும், வாய்ப்பாட்டுக்குத் துணையாகப் பியானோவை இணைக்கும் முயற்சிகள் தொடர்கின்றன. பியானோக் கலைஞர் அனில் சீனிவாசனும் பாடகர் சிக்கில் குருசரணும் இணைந்து வழங்கிய கச்சேரிகள் இதற்கு எடுத்துக்காட்டு. குரல் கமகத்தைத் தாங்க, பியானோ அதனைச் சூழ்ந்து ஒலிப்பது இத்தகைய இசையின் வழி.

பராமரிப்பு

பயன்படுத்தாதபோது பருத்தித் துணியால் மூடி வைக்க வேண்டும். கட்டைகளை உலர்ந்த அல்லது நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைக்கலாம். எரிசாராயம், கரைப்பான்கள் கூடா. கருவியின் மேல் தண்ணீர்க் குவளை, விளக்கு, சாம்பிராணி போன்றவற்றை வைத்தலாகாது. தின்பண்டத் துகள்கள் எறும்பையும் கரப்பானையும் கட்டைகளின் இடுக்குக்குள் ஈர்க்கும். நெடுநாள் மூடி வைத்திருப்பதைவிட அன்றாடம் வாசிப்பது கருவிக்கும் நன்று. ஒரு கட்டை ஒலிக்காமற்போனாலோ ஒட்டிக்கொண்டாலோ, உத்தரவாதக் காலம் முடியுமுன் அது தெரியவரும்.