பீங்கானும் பாடும், காந்தமும் பாடும்

நல்லூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளவர்களுக்கு விருத்தாசலத்துப் பீங்கானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சூளையில் வெந்து வரும் கொலு பொம்மைகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் பார்த்திருப்பீர்கள். ஃபியூஸ் கட்டையில் பீங்கானின் வேலை மின்சாரம் கசியாமல் தடுப்பது. ஆனால் மின்சாரத்தை உண்டாக்கும் பீங்கானும் உண்டு. அது வீடுகளில் பாட்டும் பாடியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

சமையலறையில் இருக்கும் கேஸ் லைட்டரைக் கவனியுங்கள். பல லைட்டர்களில் பாட்டரியே கிடையாது. விசையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி உள்ளே இருக்கும் பீங்கான் துண்டைத் தட்டுகிறது. அந்த ஒரு தட்டில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றிப் பொறி பறக்கிறது. இதற்கு 'அழுத்தமின் விளைவு' என்று பெயர். ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் 1880-இல் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். லைட்டரில் உள்ள பீங்கான் களிமண்ணால் ஆனதன்று. ஈயம், சிர்கோனியம், டைட்டேனியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்டெடுத்தது.

ஊசி செய்யும் வேலை

இசைத்தட்டில் சுருள் சுருளாக ஒரு நுண்ணிய பள்ளம் ஓடுகிறது. அதன் சுவர்கள் பாட்டின் அதிர்வுக்கேற்ப நெளிந்திருக்கும். தட்டு சுழலும்போது ஊசி அந்த நெளிவுகளில் சென்று அதிர்கிறது. ஊசியைத் தாங்கி, அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு கூட்டுக்குக் 'கார்ட்ரிட்ஜ்' என்று பெயர்.

பழைய ரிக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் இருந்தது பீங்கான் கார்ட்ரிட்ஜ். ஊசியின் அசைவு ஒரு மெல்லிய பீங்கான் பட்டையை வளைக்கும். சில நூறு மில்லிவோல்ட் கிடைக்கும். சாதாரணப் பெருக்கிக்கு அதுவே போதும்.

காந்தக் கார்ட்ரிட்ஜ் வேறு வகை. அதில் ஊசியோடு சேர்ந்து ஒரு சிறு காந்தம் கம்பிச்சுருள் அருகே அசைகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. ஊசி தட்டை மெதுவாக அழுத்தினால் போதும். ஒலியும் தெளிவாக இருக்கும். ஆனால் கிடைப்பது சுமார் 5 மில்லிவோல்ட்தான். காந்தத்தை நிலையாக வைத்துச் சுருளை அசைக்கும் வகை பலவற்றில் அதிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.5 மில்லிவோல்ட்தான் கிடைக்கும்.

குற்றம் தட்டில் இல்லை

இசைத்தட்டுகள் இப்போது மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. தாத்தா சேர்த்து வைத்த தட்டுகளைக் கேட்கலாம் என்று புதிய பிளேயர் ஒன்றை வாங்கிப் பழைய பெருக்கியில் இணைக்கிறார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. "தட்டு கெட்டுப் போய்விட்டது" என்று சொல்லி எல்லாவற்றையும் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடுகிறார்கள். அவற்றுள் வேறு எங்கும் கிடைக்காத ஒரு குரல் இருந்தால் அது அத்தோடு போயிற்று. நீங்கள் ஒரு சிறு பெருக்கல் கணக்குப் போட்டால் அதைக் காப்பாற்றலாம்.

பெருக்கிக்கு 500 மில்லிவோல்ட் தேவை என்று வைத்துக்கொள்வோம். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது 5. எனவே இடையில் 100 மடங்கு பெருக்கும் 'முன்பெருக்கி' வேண்டும். பொறியாளர்கள் இதை 40 டெசிபெல் என்பார்கள். சுருள் அசையும் வகைக்கு 1,000 மடங்கு, அதாவது 60 டெசிபெல் வேண்டும்.

பெருக்கம் குறைந்தால் என்ன? 0.5 மில்லிவோல்ட்டை 100 மடங்கு பெருக்கினால் 50 மில்லிவோல்ட்தான். ஒலிக் குமிழைக் கடைசி வரை திருப்ப வேண்டியிருக்கும். அப்போது பாட்டோடு இரைச்சலும் பெரிதாகும். திருவிழா மைக் செட்டில் குமிழை ஏற்றினால் 'உஸ்' என்று கேட்குமே, அதுபோல.

பெருக்கம் மிகுந்தால்? 5 மில்லிவோல்ட்டை 1,000 மடங்கு பெருக்கினால் 5 வோல்ட். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஐந்து மடங்கு கூடினால் 25 வோல்ட் ஆக வேண்டும். முன்பெருக்கியால் 13 வோல்ட் வரைதான் தர முடியுமென்றால், அலையின் தலை வெட்டுப்படும். குரல் கரகரக்கும். குமிழைக் குறைத்தாலும் கரகரப்புப் போகாது. வெட்டு குமிழுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது!

இன்னும் இரண்டு செய்திகள்

தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்த சுருதிகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். இல்லாவிட்டால் தாழ்சுருதியின் பெரிய நெளிவுகள் பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். இதற்கு அமெரிக்காவில் 1954-இல் ஏற்பட்ட அளவு பின்னர் உலகெங்கும் பரவியது. முன்பெருக்கி இதை நேர்மாறாகச் சரி செய்கிறது. 1,000 ஹெர்ட்ஸில் 100 மடங்கு பெருக்கும் கருவி, 50 ஹெர்ட்ஸில் சுமார் 700 மடங்கு பெருக்கும். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ்தான். ரீங்காரம் ஏன் எளிதில் புகுந்துவிடுகிறது என்று புரிகிறதா? பிளேயரின் பூமிக்கம்பியை முன்பெருக்கியில் இணைக்கச் சொல்வது இதனால்தான்.

காந்த வகைக்குப் பெருக்கியின் உள்தடை 47,000 ஓம் என்பது வழக்கம். பீங்கானுக்குப் பத்து இலட்சம் ஓமோ அதற்கு மேலோ வேண்டும். பீங்கானைக் காந்தத்துக்குரிய வாயில் செருகினால், தடைக்குறைவால் தாழ்சுருதிகள் தேயும். போதாததற்கு, 300 மில்லிவோல்ட்டை 100 மடங்கு பெருக்க முயன்று பாட்டும் சிதறும்.

ஸ்டீரியோத் தட்டில் பள்ளத்தின் இரு சுவர்களில் இரு தனித்தனிப் பதிவுகள் இருக்கும். 1978-இல் வந்த 'பிரியா' படப் பாடல்கள் அப்படிப் பதிவானவை. அதற்கு இரண்டு முன்பெருக்கிகள் வேண்டும். இரண்டின் பெருக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல் நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார்!

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் கார்ட்ரிட்ஜ் எந்த வகை, எத்தனை மில்லிவோல்ட் தரும் என்று குறிப்பேட்டில் பாருங்கள். பிறகு பிளேயரின் பின்புறம் பாருங்கள். இன்றைய பிளேயர்கள் பலவற்றில் முன்பெருக்கி உள்ளேயே இருக்கிறது. 'போனோ', 'லைன்' என்று ஒரு விசையும் இருக்கும். 'லைன்' நிலையில் வைத்துப் பெருக்கியின் 'போனோ' வாயில் செருகினால் 100 மடங்கு இரண்டு முறை, அதாவது 10,000 மடங்கு ஆகிவிடும். ஒரு முறை பெருக்கினால் போதும்.

தட்டு 78 சுற்று வகையானால் அதற்குரிய அகலமான ஊசியையே பயன்படுத்துங்கள். நீண்ட நேரத் தட்டின் ஊசி அதன் அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி ஓடும். ஊசி தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். பள்ளம் சிதைந்தால் எந்தப் பெருக்கியாலும் அதை மீட்க முடியாது.

ஆகவே நண்பர்களே, ஒரு தட்டு பாடவில்லை என்றால் அதைத் தூக்கி எறியுமுன் தாளும் பென்சிலும் எடுங்கள். கிடைப்பது எவ்வளவு, தேவை எவ்வளவு என்று எழுதி வகுத்துப் பாருங்கள்.