எதிரி நாட்டுக்குள் போகாமலே குண்டு போட்ட விமானங்கள்! 35 மணி நேரம் பறந்த 57 பேரின் கதை

எதிரியின் ஊருக்குப் போகாமலே அந்த ஊர்மீது குண்டு போட முடியுமா?

முடியும்! பல நூறு மைல்களுக்கு அப்பால் இருந்து ஏவினால் போதும். குண்டு தானாகவே வழி கண்டு போகும். மேடு வந்தால் ஏறும். பள்ளம் வந்தால் இறங்கும். குறித்த கட்டிடத்தில் மோதி வெடிக்கும்.

இதற்குக் "குரூஸ்" ஏவுகணை என்று பெயர். ராக்கெட், வாணம் போலச் சீறி மேலே போய்க் கீழே விழும். குரூஸ் ஏவுகணை அப்படி அல்ல. அது ஆள் இல்லாத ஒரு குட்டி விமானம். இறக்கை உண்டு, வால் உண்டு, என்ஜினும் உண்டு. பெரிய விமானம் இதைச் சுமந்து போய் நடுவானில் அவிழ்த்து விடும்.

ஹிட்லரின் பறக்கும் குண்டு

இந்த வித்தையை முதன்முதலில் போரில் பெரிய அளவில் செய்து பார்த்தது ஹிட்லரின் ஜெர்மனி.

1944-ம் ஆண்டு ஜூன் மாதம் "வி-1" என்ற பறக்கும் குண்டுகள் லண்டன் மீது விழத் தொடங்கின. பிரான்சு நாட்டின் கடற்கரையிலிருந்து ஜெர்மானியர் அவற்றை ஏவினார்கள். நேச நாட்டுப் படைகள் முன்னேறி வந்து அந்த இடங்களைப் பிடித்துக் கொண்டன.

ஜெர்மானியர் விடவில்லை. "ஹெயின்கல்" என்ற குண்டு வீச்சு விமானத்தின் இறக்கைக்கு அடியில் பறக்கும் குண்டைக் கட்டினார்கள். இரவு நேரத்தில் கடலை ஒட்டித் தாழ்வாகப் பறந்து போய், அங்கிருந்து அவிழ்த்து விட்டார்கள். சுமார் 1,200 குண்டுகளை இப்படி விமானத்திலிருந்து ஏவினார்கள்.

அந்தக் குண்டுக்குக் கண் கிடையாது. மூக்கில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றும். அது இத்தனை சுற்றுச் சுற்றினால் இத்தனை மைல் என்று கணக்கு. கணக்கு முடிந்ததும் குண்டு தலைகீழாகப் பாயும். கீழே இருப்பது ராணுவக் கொட்டகையா, குழந்தை தூங்கும் வீடா என்று அதற்குத் தெரியாது.

1944 டிசம்பர் 24-ந்தேதி, கிறிஸ்துமசுக்கு முதல் நாள். பொழுது விடியவில்லை. மான்செஸ்டர் நகரைக் குறி வைத்து 45 குண்டுகளை ஏவினார்கள். குறி தவறி, சுற்றிலும் உள்ள ஊர்களில் எல்லாம் குண்டு விழுந்தது. 42 பேர் மாண்டார்கள். அவர்களில் 27 பேர் ஓல்டாம் என்ற ஊரில், ஒரே தெருவில் இருந்தவர்கள்!

கிழட்டு விமானத்துக்குப் புது வேலை

யுத்தம் முடிந்தது. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ஏவுகணைகள் பல நாடுகளுக்கும் வந்து விட்டன. எதிரியின் தலைக்கு மேலே பறந்து போய்க் குண்டு போடுவது, புலிக் குகையில் தலையை நீட்டுவது போல ஆயிற்று.

1977-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் ஒரு முடிவை அறிவித்தார். "பி-1" என்ற விலை உயர்ந்த புது குண்டு வீச்சு விமானம் வேண்டாம். பழைய "பி-52" விமானமே போதும். அது தூரத்தில் இருந்தபடி குரூஸ் ஏவுகணையை ஏவட்டும் என்றார்.

போயிங் கம்பெனி அந்த ஏவுகணையைச் செய்து கொடுத்தது. 1982-ம் ஆண்டு அது படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 21 அடி. எடை ஏறக்குறைய ஒன்றரை டன். வேகம் மணிக்கு 550 மைல். 1,500 மைல் தூரம் போகும். தலையில் இருந்ததோ அணுகுண்டு!

அதற்கு வழி தெரிவது எப்படி? போகும் பாதையில் உள்ள நிலத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் முன்கூட்டியே அதன் கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கும். ஏவுகணை பறக்கும்போதே கீழே உள்ள நிலத்தின் உயரத்தை அளந்து, பதிவோடு ஒத்துப் பார்க்கும். வழி தவறி இருந்தால் தானே திருத்திக் கொள்ளும்.

"ரகசிய அணில்"

1986 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் லிபியாவைத் தாக்கின. அதில் ஒரு விமானம் வீழ்ந்து, இரண்டு விமானிகள் இறந்தார்கள். "விமானிகளைப் பலி கொடுக்காமல் தாக்க வழி என்ன?" என்று அமெரிக்க விமானப் படை யோசித்தது.

குரூஸ் ஏவுகணைகள் சிலவற்றில் அணுகுண்டைக் கழற்றி விட்டுச் சாதாரண வெடிமருந்தை வைத்தார்கள். வழி காட்ட, வானில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உதவியைச் சேர்த்தார்கள். எல்லாம் பரம ரகசியம். படை வீரர்கள் இந்தத் திட்டத்துக்கு வைத்த செல்லப் பெயர் "ரகசிய அணில்". அது ஒரு பொம்மைப் படத்தில் வரும் துப்பறியும் அணிலின் பெயர்!

1991 ஜனவரி 16-ந்தேதி காலை. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் உள்ள பார்க்ஸ்டேல் விமான தளத்திலிருந்து ஏழு பி-52 விமானங்கள் கிளம்பின. அவற்றில் 57 பேர் இருந்தார்கள். முறை வைத்து ஓய்வு எடுக்க வேண்டும் என்பதற்காக வழக்கத்தை விடக் கூடுதலாக ஆட்களை ஏற்றி இருந்தார்கள்.

அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். மத்தியதரைக் கடலைத் தாண்டினார்கள். வழியில் வேறு விமானங்கள் வந்து நடுவானிலேயே எரிபொருள் கொடுத்தன. அவர்கள் பறந்து கொண்டிருக்கும்போதே இராக் யுத்தம் தொடங்கி விட்டது.

கிளம்பிச் சுமார் 15 மணி நேரம் ஆனதும் சவுதி அரேபியா வந்தது. இராக் எல்லைக்குள் அவர்கள் நுழையவே இல்லை. கொண்டு போனவை 39 ஏவுகணைகள். நான்கில் கோளாறு. மற்ற 35-ஐயும் ஏவினார்கள். இராக்கின் மின்சார நிலையங்களும் செய்தித் தொடர்பு நிலையங்களும் இலக்கு.

ஏவியதும் திரும்பினார்கள். எதிர்க்காற்று பலமாக அடித்தது. எங்கும் இறங்காமல், மொத்தம் சுமார் 35 மணி நேரம் பறந்து, 14,000 மைல் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். 57 பேரும் சுகம்! ஆனால் போன இடத்தைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. ஓர் ஆண்டு கழித்து, 1992 ஜனவரியில்தான் விஷயம் வெளியே வந்தது.

விளக்கு அணைந்த வீடுகள்

விமானிகள் பிழைத்தார்கள். கீழே இருந்தவர்கள்?

அந்த யுத்தத்தில் இராக்கின் மின்சார நிலையங்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டன. மின்சாரம் போனால் விளக்கு மட்டுமா போகும்? தண்ணீர் இறைக்கும் நிலையங்கள் நின்றன. சாக்கடை நீர் தேங்கியது. ஆஸ்பத்திரிகள் தவித்தன. துப்பாக்கியைத் தொட்டும் அறியாத தாய்மார்கள், ஆற்றுத் தண்ணீரை மொண்டு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

பிறகு இந்த ஆயுதம் பல நாடுகளின் கைக்கு வந்தது. 2003-ல் பிரிட்டன் இராக்கில் ஏவியது. 2015-ல் ரஷ்யா சிரியாவில் ஏவியது. 2022 முதல் உக்ரைன் நகரங்கள்மீது ரஷ்ய விமானங்கள் இதை ஏவி வருகின்றன. 2024 ஜூலை 8-ந்தேதி கீவ் நகரின் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரி மீது ஏவுகணை விழுந்தது. ரஷ்யா ஏவிய குரூஸ் ஏவுகணை அது என்று உக்ரைன் கூறியது. ரஷ்யா மறுத்தது. யார் ஏவியது என்று நாடுகள் வாதாடின. இடிபாட்டில் கிடந்ததோ நோயாளிக் குழந்தைகளின் கட்டில்கள்!

தஞ்சையிலும் உண்டு

இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து செய்த "பிரமோஸ்" ஏவுகணையும் குரூஸ் இனம்தான். பிரம்மபுத்திரா நதி, மாஸ்க்வா நதி என்ற இரண்டின் பெயரும் சேர்ந்து பிரமோஸ் ஆனது. இதன் வேகம் ஒலியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எடை சுமார் இரண்டரை டன். 2017 நவம்பரில் சுகோய் விமானத்திலிருந்து முதன்முதலாக ஏவிப் பார்த்தார்கள். 2020 ஜனவரி 20-ந்தேதி, இதைச் சுமக்கும் சுகோய் விமானங்களின் படைப்பிரிவு தஞ்சாவூர் விமான தளத்தில் தொடங்கப்பட்டது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அந்தக் காலத்தில் எய்தவன் அம்பு தைத்தவன் முகத்தைப் பார்த்தான். இன்று எய்தவன் பல நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறான். அவனுக்கு அலறல் கேட்பது இல்லை. ஆகவே, எய்யும்படி உத்தரவு போடுகிறவர்கள்தான் அந்த அலறலை முன்கூட்டியே காதில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏவுகணைக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியும். போகலாமா, கூடாதா என்று முடிவு செய்ய அதற்குத் தெரியாது. அது மனிதனின் வேலை!