ஆரணியில் ஒரு பேரம்

'ஆரணிக்கா? சொல்ற விலையில பாதியிலேர்ந்து ஆரம்பி!'

தங்கச்சியின் கல்யாணப் புடவைக்காகக் கிளம்பியபோது ஆபீஸ் நண்பர்கள் அள்ளிவிட்ட இலவச ஆலோசனை இது. அம்மாவும் அதையே சொல்லித்தான் பஸ் ஏற்றினாள்.

ஊர் சுற்ற சத்திய விஜய நகரத்தில் ஜாகிர்தார் அரண்மனை, சாமி கும்பிட படவேடு ரேணுகாம்பாள். ஆனால், டிக்கெட் இல்லாத நல்ல வேடிக்கை தறிதான் சார்! சொந்தத் தறி போட்டு நெய்து விற்கும் ஒரு பெரியவர் வீட்டில் நுழைந்தேன். குழிக்குள் காலை விட்டு அவர் மிதிக்க, தலைக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள் புரள, புடவையில் மயில் முளைத்தது!

"அசல் பட்டுதானா?" என்றேன்.

ஒரு இழையை உருவிக் கொளுத்தினார். முடி கருகிய நாற்றம். விரலால் நசுக்க, பொடியாக உதிர்ந்தது. "அசல் இப்படித்தான் தம்பி. கலப்படம்னா உருகி உருண்டையாயிடும். கடையில வாங்கினா 'சில்க் மார்க்' இருக்கான்னு பாருங்க. 2004லேர்ந்து இருக்கு."

நண்பர்கள் ஞாபகம் வந்தது. "ஆயிரம் குறைச்சுக்குங்களேன்!"

பெரியவர் கோபப்படவில்லை. "நானும் சம்சாரமும் 12 நாள் உட்கார்ந்தது. உங்க ஆபீஸ்ல எத்தனை நாள் சம்பளத்தைக் குறைச்சா ஒத்துப்பீங்க?"

போன மாசம் ஒரே ஒரு நாள் சம்பளம் பிடித்ததற்கு நான் போட்ட கூச்சல் காதில் கேட்டது. மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் அம்மா, "எவ்வளவுடா குறைச்சே?" என்றாள்.

"ஆரணி அரிசி ஒரு சிப்பம் வாங்கியிருக்கேம்மா, பொங்கிப் பாரேன்!"