குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா? திருவரங்கத்தின் நெடுநாள் வாதம்

எல்லாம் இறைவன் செயல் என்றால் பாவத்துக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்? பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் வைணவ ஆசாரியர் இராமானுசர் இக்கேள்வியை நேராகவே எதிர்கொண்டார். முதல் முயற்சி உயிருடையது. அதற்கு இசைவு தருபவன் இறைவன். உலகில் காணும் ஏற்றத்தாழ்வும் அவனுடைய ஓரவஞ்சனை அன்று, அவரவர் வினையின் பயன். அந்த வினை எப்போது தொடங்கியது என்றால், தொடக்கமே இல்லை என்பது விடை. கேள்வியை இது தீர்க்கிறதா, பின்னுக்குத் தள்ளுகிறதா என்பது வேறு விஷயம்.

அவருக்குப் பின் வாதம் வீடுபேற்றின் பக்கம் திரும்பியது. ஸ்ரீவசன பூஷணம் எழுதிய பிள்ளை லோகாசாரியர், அருளுக்குக் காரணம் எதுவும் வேண்டாம் என்றார். வேதாந்த தேசிகரோ, சரணாகதி என்ற சிறு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, உயிரின் பக்கமிருந்து வரவேண்டும், இல்லையேல் சிலருக்கு மட்டும் வீடு கிட்டுவது பாரபட்சமாகிவிடும் என்றார். அருளுக்கு விலை வைத்தால் அது அருளா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி தேசிகர் வழியினரான வடகலைக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி லோகாசாரியர் வழியினரான தென்கலைக்கும் அடையாளமாயின. கட்சிகள் இப்படிப் பிரிந்தது பிற்காலத்தில்தான். அதற்கு முன், 1323இல் தில்லிப் படை திருவரங்கத்துக்கு வந்தபோது, கோயிலின் உற்சவரான நம்பெருமாளைக் காக்க லோகாசாரியரும், ஸ்ரீபாஷ்யத்தின் உரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காக்கத் தேசிகரும் முனைந்ததாக மரபு கூறும்.

அருள் பற்றி எழுந்த அளவுக்கு உலகின் எல்லை பற்றிப் பூசல் இல்லை. அண்டங்கள் எண்ணற்றவை என்கிறது லோகாசாரியரின் தத்துவத்திரயம். மேலே இறைவனின் நித்திய உலகான பரமபதம்; அதற்குக் கீழெல்லை உண்டு, மேலெல்லை இல்லை. சடப்பொருளாலான பிரகிருதி உலகுக்கோ மேலே மட்டும் எல்லை.